புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் என் மாமா வீடு. மாநகராட்சிப் பலகைகளில் கிட்டல் நகர் என்று எழுதியிருந்தாலும் அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன் அறை பத்துக்குப் பன்னிரண்டு. ஜன்னலைத் திறந்தால் ஆட்டோ, தள்ளுவண்டி, நந்தன் மைதானத்துக்குப் பந்தோடு போகும் பையன்கள் என்று தெரு முழுக்க உள்ளே வந்துவிடும். அந்த அறையில்தான் மாமா நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிறார். ரெக்கார்டு, கேசட், சிடி எல்லாவற்றையும் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் ஒரு பெட்டி வாங்கினார். எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டி. பாட்டுப் பித்தர்கள் இதை ‘டேக்’ என்பார்கள்.

பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தான். ஒரு தரம் அழுத்தினால் பச்சை விளக்கு, 44.1. இன்னொரு தரம் அழுத்தினால் நீலம், 88.2. மூன்றாவது வெள்ளை, 176.4.

“வெள்ளை லைட்டுல எம்.எஸ். சுப்ரபாதத்தைக் கேளு மாப்ள. தம்புரா தனியா நிக்குது பாரு” என்றார் மாமா. உள்ளிருந்து அவர் மகள் குரல் கொடுத்தாள்: “அப்பா, அந்த வெள்ளை லைட்டு போட்டா என் பாட்டெல்லாம் கரகரங்குதுப்பா.” அவள் கேட்பது புதிய படப் பாடல்கள்.

ஒரே பெட்டி, ஒரே பொத்தான். ஒருவருக்குத் தெளிவு, ஒருவருக்குக் கரகரப்பு. இருவர் காதையும் நான் மதிக்கிறேன். இதை விட அடிப்படையான கேள்வி ஒன்றும் இருந்தது. சிடியில் ஒரு நொடிப் பாட்டுக்கு, ஒரு ஸ்பீக்கருக்கு 44,100 எண்கள்தான் உண்டு. வெள்ளை விளக்கு எரியும்போது பெட்டி நொடிக்கு 1,76,400 எண்களை வாசிக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் கூடவே மூன்று புது எண்கள். அவை எங்கிருந்து வந்தன? பெட்டி கற்பனை செய்ததா, கண்டுபிடித்ததா?

அந்த விசித்திர எண்

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. மைக் அந்த ஏற்ற இறக்கத்தை மின் அழுத்தமாக மாற்றுகிறது. டிஜிட்டல் பதிவுக் கருவி அதைச் சம இடைவெளியில் அளந்து ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. பானைச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்துப் பார்ப்பதுபோல் எடுப்பதால் ஒவ்வொரு அளவையும் ‘மாதிரி’ என்போம். நொடிக்கு எத்தனை என்பது ‘மாதிரி வீதம்’. இருக்கும் மாதிரிகளுக்கு நடுவே புதியவற்றைக் கணக்கிட்டுச் செருகுவதை இந்த அத்தியாயத்தில் ‘மாதிரிப் பெருக்கம்’ என்று அழைக்கிறேன்.

முழு எண்ணாக 40,000 என்றோ 50,000 என்றோ வைக்காமல் ஏன் 44,100? 1970களின் கடைசியில் இத்தனை எண்களைச் சேமிக்க எளிதில் கிடைத்தது வீடியோ டேப்தான். தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று மாதிரிகளை எழுதினார்கள். நொடிக்கு 60 தடவை வரையப்படும் அமெரிக்க, ஜப்பானிய முறையில் பயன்படும் கோடுகள் 245. 245 × 3 × 60 போட்டால் 44,100. நொடிக்கு 50 தடவை வரையப்படும் ஐரோப்பிய முறையில், அதாவது நம் ஊர் முறையில், 294 கோடுகள். 294 × 3 × 50 போட்டாலும் அதே 44,100. இரு உலகுக்கும் பொருந்திய எண்ணாக அது நிலைத்துவிட்டது. அதன் பாதி 22,050. மனிதக் காது நல்ல இளமையில் கேட்கும் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். இந்தப் பாதிக் கணக்கு ஏன் முக்கியம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

நடுவில் கோடு எப்படிப் போகும்?

வாசலில் புள்ளி வைத்துவிட்டால் கோலம் முடிந்துவிடாது. அதே ஏழு புள்ளியில் பாட்டி ஒரு சிக்குக் கோலம் போடுவாள், அத்தை வேறொன்று போடுவாள். புள்ளிகள் கோட்டைத் தீர்மானிப்பதில்லை. போடுகிறவரின் கைதான் தீர்மானிக்கிறது. ஒலியின் புள்ளிகளும் அப்படித்தான் என்று தோன்றும். இரண்டு மாதிரிகளுக்கு நடுவே அலை மேலே போனதோ கீழே போனதோ, நேராகப் போனதோ, யாருக்குத் தெரியும்?

தெரியும் என்று நிறுவினார்கள். ரஷ்யாவில் கோட்டெல்னிகோவ் 1933இல், அமெரிக்காவில் ஷானன் 1949இல். நிபந்தனை ஒன்றே ஒன்று: மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வு எதுவும் அந்த ஒலியில் இருக்கக் கூடாது. அது நிறைவேறினால், எல்லாப் புள்ளிகளின் வழியாகவும் போகும் கோடு ஒன்றுதான் உண்டு. இரண்டாவது கோட்டுக்கு இடமே இல்லை.

ஏன் இல்லை? புள்ளிகளைத் தொட்டபடி, நடுவில் மட்டும் வேறு மாதிரி வளைந்து போகும் இன்னொரு கோட்டை வரைந்து பாருங்கள். அந்தக் கூடுதல் வளைவு ஒரு புள்ளியில் தொடங்கி அடுத்த புள்ளிக்குள் எழுந்து அடங்க வேண்டும். அவ்வளவு சிறிய இடைவெளியில் நெளிய வேண்டுமானால் அது மிக வேகமான அதிர்வாகத்தான் இருக்க முடியும், 22,050ஐத் தாண்டிய அதிர்வாக. அப்படிப்பட்ட அதிர்வுகளைப் பதிவுக் கருவி அளப்பதற்கு முன்பே வடிகட்டி நீக்கிவிட்டது. ஆகவே அந்த நெளிவு அங்கே இருந்திருக்க வழியில்லை.

இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. புள்ளிகளுக்கு நடுவே ஏதோ தொலைந்துபோயிற்று என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

71, 71: ஒரு கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். பென்சில் இருந்தால் நல்லது.

பஜனையில் ஜால்ரா ஒலிக்கிறது. அதன் ‘ஜிங்’கில் பல உயர்ந்த அதிர்வுகள் கலந்திருக்கும். அவற்றுள் நொடிக்கு 11,025 முறை அதிரும் ஒன்றை மட்டும் பிரித்தெடுப்போம். 44,100ஐ 11,025ஆல் வகுத்தால் 4. ஆக, ஓர் அதிர்வுக்கு நான்கே நான்கு மாதிரிகள். அலையின் உச்சி 100, பள்ளம் −100 என்று வைத்துக்கொள்வோம். கருவி அளக்கும் நேரம் உச்சியில் சரியாக விழாமல், உச்சிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னுமாக விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது சிடியில் பதியும் எண்கள் இவை: 71, 71, −71, −71, மறுபடி 71, 71, −71, −71. உச்சியான 100 எங்கேயும் பதிவாகவில்லை.

இப்போது பெட்டியின் வேலை: 71க்கும் 71க்கும் நடுவே ஒரு புது எண்ணைச் செருக வேண்டும். என்ன எண்?

பெரும்பாலோர் 71 என்பார்கள். இரண்டின் சராசரி அதுதான். மாமாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் சரியான விடை 100. அதைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்டி பக்கத்து இரு எண்களோடு நிற்பதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரையும் விசாரிப்பதுபோல், இரு பக்கமும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. ஆனால் ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒரே மதிப்பு இல்லை. நட்டநடுப் புள்ளியைக் கண்டுபிடிக்க, முதல் அண்டை இருவருக்கும் 64 விழுக்காடு. அதற்கடுத்த இருவருக்கும் கழித்தல் 21. அடுத்து கூட்டல் 13, கழித்தல் 9, கூட்டல் 7, கழித்தல் 6 என்று கூட்டலும் கழித்தலும் மாறி மாறிச் சிறுத்துக்கொண்டே போகும். இந்த மதிப்புகள் பாட்டுக்குப் பாட்டு மாறுவதில்லை. மேலே சொன்ன பாதி வீத நிபந்தனையிலிருந்து நேராகப் பிறந்தவை.

போடுவோம். முதல் அண்டை இருவரும் 71. இருவரும் சேர்ந்து தருவது 90. இரண்டாம் அண்டை இருவரும் −71. அவர்களின் மதிப்பும் கழித்தல், எண்ணும் கழித்தல், ஆகவே 30 கூடுகிறது: 120. மூன்றாம் அண்டையும் −71, ஆனால் மதிப்பு கூட்டல். 18 குறைந்து 102. நான்காவது 71, மதிப்பு கழித்தல். 13 குறைந்து 89. ஐந்தாவது 10 கூட்டுகிறது: 99. ஆறாவது 8: 107. ஏழாவது 7ஐக் குறைக்க, 100. எட்டாவது 6ஐக் குறைக்க, 94. ஊஞ்சல் அடங்குவதுபோல் விடை 100ஐச் சுற்றியே ஆடி ஆடி நெருங்குகிறது. பெட்டிகள் பல டஜன் அண்டைகளை, சில நூற்றுக்கணக்கில்கூட, விசாரிக்கின்றன. தொலைவில் உள்ளவர்களின் மதிப்பைச் சற்று வேகமாகவே குறைத்துவிடுவதால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

கழித்தல் மதிப்பு எதற்கு என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. இரண்டாம் அண்டை −71இல் இருக்கிறது என்றால், அலை அந்தப் பள்ளத்திலிருந்து ஒரே எட்டில் 71க்கு ஏறி வந்திருக்கிறது. அந்த வேகத்தில் வந்தது 71ஐத் தொட்டதும் சட்டென்று தட்டையாக நிற்காது. மேலே போய்த்தான் திரும்பியிருக்கும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, உச்சி அவ்வளவு உயரம். கழித்தல் மதிப்பு இந்தச் செய்தியைத்தான் கணக்குக்குள் கொண்டுவருகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, அந்த 100 கற்பனை எண் இல்லை. அலை உண்மையிலேயே அங்கே போயிருந்தது. இரண்டு, அந்த 100 புதுச் செய்தியும் இல்லை. பழைய எண்களுக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது. அதைத் தூக்கி எறிந்தாலும் மறுபடி அதே எண்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தது 1963இல். அன்று மைக்கும் டேப்பும் பிடிக்காமல் விட்டதை எந்த விளக்கை எரியவிட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் எதற்காக?

புதுச் செய்தி எதுவும் கிடைக்காது என்றால் பொறியாளர்கள் ஏன் இதைக் கண்டுபிடித்தார்கள்?

எண்களை மின்னலையாக மாற்றும் சில்லு, ஒவ்வொரு எண்ணையும் அடுத்த எண் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருந்தால், வெளியே வருவது படிக்கட்டு மாதிரியான அலை. படிக்கட்டின் கூர் விளிம்புகளில் பாட்டில் இல்லாத அதிர்வுகள் ஒளிந்திருக்கும். 22,050ஐக் கண்ணாடியாக வைத்துப் பார்த்தால் 20,000 அதிர்வின் நிழல் 24,100இல் விழும். இவற்றை ‘பிம்ப ஒலிகள்’ என்று சொல்லலாம். நேராகக் காதில் கேட்காது. ஆனால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அவற்றால் குழம்பினால், அந்தக் குழப்பம் கேட்கும் எல்லைக்குள் இறங்கிவரும். ஆகவே வடிகட்ட வேண்டும். 20,000ஐத் தொடாமல் விட்டு 24,100ஐ அடைக்கிற வடிகட்டி செங்குத்துச் சுவர் போன்றது. மின்தடை, மின்தேக்கிகளால் அதைக் கட்டுவது கடினம், செலவு. கட்டினாலும் உயர் ஸ்வரங்களின் நேரக்கணக்கைக் கொஞ்சம் கலைக்கும்.

1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் சிடிபி-101 கருவியில் அந்தச் செங்குத்துச் சுவர்தான் இருந்தது. ஹாலந்தின் பிலிப்ஸ் வேறு வழியில் போனது. அவர்கள் தயாராக வைத்திருந்த சில்லு 14 பிட் மட்டுமே கையாளும். சிடியோ 16 பிட் என்று முடிவாகிவிட்டது. பிலிப்ஸ் பொறியாளர்கள் மாதிரிகளை நான்கு மடங்காகப் பெருக்கினார்கள். 44,100 அங்கே 1,76,400 ஆனது, மாமாவின் வெள்ளை விளக்கு எண். இப்போது 20,000 அதிர்வின் முதல் பிம்பம் 1,56,400க்கு ஓடிவிட்டது. இடையில் அவ்வளவு வெற்றிடம் கிடைத்தபின் செங்குத்துச் சுவர் எதற்கு? சாய்வான, எளிய வடிகட்டி போதும். கூடவே, ஒரு மாதிரியில் விட்ட சிறு பிழையை அடுத்ததில் ஈடுகட்டும் உத்தியைச் சேர்த்து, அந்த 14 பிட் சில்லையே 16 பிட்டுக்கு ஈடாகப் பாட வைத்தார்கள். குறையிருந்த சில்லிலிருந்து பிறந்த இந்த யோசனையை நான் பொறியியலின் அழகான தருணங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

இன்று கடையில் கிடைக்கும் டேக் சில்லுகளில் ஏறக்குறைய எல்லாமே உள்ளுக்குள் மாதிரிப் பெருக்கம் செய்கின்றன. எட்டு மடங்கு என்பது சர்வசாதாரணம். மாமா பச்சை விளக்கில் கேட்கும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளை விளக்கு அந்த வேலையின் ஒரு பகுதியைச் சில்லுக்கு முன்னாலேயே செய்துவிடுகிறது. கணக்குப் போடுகிறவர் மாறுகிறார், கணக்கு மாறுவதில்லை. சில்லின் சொந்த வடிகட்டி மட்டமாக இருந்தால்தான் முன்கூட்டியே நன்றாகப் போட்ட கணக்கால் கொஞ்சம் பயன் உண்டு.

மகள் காதில் விழுந்த கரகரப்பு

இனி அந்தக் கரகரப்புக்கு வருவோம். விடை நம் 71இலேயே இருக்கிறது.

சிடியில் ஒரு மாதிரி 32,767ஐத் தாண்ட முடியாது. அது கூரை. ரேடியோவிலும் காரிலும் மற்றப் பாட்டுகளைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, 1990களிலிருந்து பாடல்களைக் கூரை முட்டும்வரை உயர்த்துவது பழக்கமாயிற்று. அப்படி உயர்த்திய பாட்டில் நம் 71, 71 என்ற மாதிரிகள் கூரையான 100ஐத் தொட்டு நிற்கின்றன என்று கொள்வோம். நடுவில் அலையின் உண்மை உச்சி எங்கே இருக்கும்? 141இல். கூரைக்கு மேலே. டெசிபல் கணக்கில் 3.

பதிவில் அந்த உச்சி எழுதப்படவில்லை, ஆகவே அங்கே பிரச்சினை இல்லை. மாதிரிப் பெருக்கம் செய்யும் பெட்டி அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. 141ஐ எழுத இடம் இல்லாததால் 100இல் வெட்டிவிடுகிறது. உருண்டையாக இருக்க வேண்டிய உச்சி தட்டையாகிறது. தட்டையான உச்சி என்றால் பாட்டில் இல்லாத புது அதிர்வுகள். அதுதான் கரகரப்பு. நன்றாக வடிவமைத்த பெட்டிகள் கணக்கிடும் முன்பே ஒலியைக் கொஞ்சம் தாழ்த்தி இடம் விட்டுவைக்கும். மாமாவின் பெட்டி விடவில்லை.

பாட்டை அனுப்பும் கம்ப்யூட்டரில், பெட்டிக்குள் போகும் முன்பே ஒலியளவை 4 டெசிபல் குறைத்தோம். ஆம்ப்ளிஃபயரில் அதே அளவு கூட்டினோம். வெள்ளை விளக்கிலேயே கரகரப்பு போய்விட்டது. “இதத்தான நான் ஒரு மாசமா சொல்றேன்” என்றாள். மாமாவின் சுப்ரபாதத் தட்டில் எண்கள் கூரைக்கு வெகு கீழேயே நின்றன. ஆகவே அவருக்கு அந்தத் தொல்லை தெரியவே இல்லை.

மாமா கேட்ட தெளிவு

மிச்சம் இருப்பது அவர் கேட்ட தெளிவு. அதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம்.

நான் பெட்டியை அவர் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டேன். நாணயத்தைச் சுண்டிப் பூ விழுந்தால் பச்சை, தலை விழுந்தால் வெள்ளை. அதே அரை நிமிடப் பகுதி. இரண்டின் சத்தமும் ஒன்றேதானா என்று முதலில் அளந்து சரி செய்துகொண்டோம். இது மிக முக்கியம். ஒன்று மயிரிழை சத்தமாக இருந்தாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்றுதான் சொல்லும். மொத்தம் 16 சுற்று. சும்மா ஊகித்தால் எட்டு சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் வருவதற்கு வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. ஆகவே 12ஐ எல்லைக்கோடாக வைத்தோம்.

மாமாவுக்கு ஒன்பது வந்தது.

அவர் வருத்தப்பட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளை விளக்கைப் பார்த்தபோது அவர் கூர்ந்து கேட்டார். கூர்ந்து கேட்டபோது தம்புரா தனியாக நின்றது. தம்புரா எப்போதும் அங்கேதான் இருந்தது.

பெரிய சோதனைகளும் நடந்திருக்கின்றன. 2007இல் மேயர், மோரன் இருவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், உயர் வீதப் பதிவை நேராகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் கேட்கவைத்தார்கள். 554 தடவைகளில் சரியாகச் சொன்னது 276, ஏறக்குறைய சரிபாதி. 2016இல் லண்டனில் ரைஸ் 18 ஆய்வுகளின் 12,500க்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 விழுக்காடு வந்தது. சிறியது, ஆனால் தற்செயல் என்று தள்ள முடியாதது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். இவை உயர் வீதத்திலேயே பதிவான இசையைப் பற்றியவை என்பதை மறக்கக் கூடாது. சிடியின் எண்களைப் பெருக்குவதில் அந்தக் கூடுதல் அதிர்வுகளும் கிடையாது.

பொத்தானை என்ன செய்வது?

பணம் கொடுத்து இந்த வசதியை வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே இருந்தால், ஒலியைச் சற்றுத் தாழ்த்திவிட்டு வைத்துக்கொள்ளலாம். கெடுதல் இல்லை.

மாற்றம் கட்டாயமாக நடக்கும் இடம் ஒன்று உண்டு. பல போன்களும் கம்ப்யூட்டர்களும் எல்லா ஒலியையும் 48,000 வீதத்தில்தான் கலந்து அனுப்புகின்றன. சிடி பாட்டு அங்கே போகும்போது ஒவ்வொரு 147 எண்ணிலிருந்தும் 160 எண்களைச் செய்தாக வேண்டும். இரட்டிப்பதுபோல் எளிய கணக்கு இல்லை. ஒரு காலத்தில் மலிவான சவுண்ட் கார்டுகள் இதை அவசரமாகச் செய்து பாட்டைக் கெடுத்தன. இப்போதைய மென்பொருள்கள் பெரும்பாலும் நன்றாகவே செய்கின்றன. இருந்தாலும், பாட்டின் சொந்த வீதத்திலேயே அனுப்பும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்குப் பின் கவனிக்க வேண்டியவை ஸ்பீக்கரும் அறையும்தான். மாமா வீட்டில் ஸ்பீக்கர் இரண்டும் மூலையில் சுவரோடு ஒட்டியிருந்தன. மூலையில் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் ஊதிப் பெருகி, மேலிருக்கும் நுணுக்கங்களை மூடிவிடும். எதிர்ச் சுவர் வெறும் சிமெண்டு. தெருச் சத்தம் வேறு.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கர்கள் சுவரை விட்டு இரண்டு முழம் முன்னே வந்திருந்தன. எதிர்ச் சுவரில் அத்தையின் பழைய ஜமுக்காளம் தொங்கியது. மாமா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். தெரு மறைந்தது.

“இப்பக் கேளு” என்றார். “தம்புராவை மட்டும் கேளு.”